கண்ணாடி ஓட்டு வெளிச்சம் யாருடையது?

கேள்வி:

வணக்கம் மேடம். குடியாத்தத்தில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். வயது 34. போன வருஷம் இன்ஸ்டாகிராமில் ஒரு ஃபோட்டோ கண்ணில் பட்டது. பேர்ணாம்பட்டுப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் வயதான அம்மா ஒருவர் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி இலை நறுக்குகிறார். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெளிச்சம் நேராக அவர் கைமேல் விழுகிறது. பார்த்த நாளிலிருந்து அந்தப் படம் என்னை விடவில்லை. மூன்றடிக்கு நாலடி கேன்வாஸில் அக்ரிலிக்கில் வரைந்தேன். இரண்டு மாதம் ஆனது. புடவை நிறத்தை மாற்றினேன், பின்சுவரை மாற்றினேன், படத்தையே இடம் வலமாகத் திருப்பினேன். சென்னையில் ஒரு குழுக் கண்காட்சியில் 35,000 ரூபாய்க்கு விற்றது. நான் விற்ற முதல் பெரிய படம் அது.

போன வாரம் அந்த ஃபோட்டோ எடுத்தவர் பெங்களூரிலிருந்து மெசேஜ் அனுப்பினார்: 'இது என் படம். மூன்று நாள் அந்த வீட்டுக்குப் போய்க் காத்திருந்து எடுத்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.' நண்பர்கள், 30 சதவீதம் மாற்றிவிட்டால் போதும், பதில் போடாதே, ஓவியத்தைப் போட்ட போஸ்ட்டை அழித்துவிடு என்கிறார்கள். ரவி வர்மாவே ஃபோட்டோ பார்த்து வரைந்தவர்தானே என்கிறார்கள். நான் திருடனா மேடம்? சட்டப்படி என்ன ஆகும்? இனிமேல் எப்படி வரைவது?

ஓவிய ஆசிரியர், குடியாத்தம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஒரு வேலை. அந்தப் போஸ்ட்டை அழிக்காதீர்கள். அவர் அனுப்பிய மெசேஜையும் அழிக்காதீர்கள். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

திருடனா என்று கேட்டிருக்கிறீர்கள். திருட நினைத்தவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டார். ஆனாலும் உங்கள் நண்பர்கள் சொல்வதுபோல் ஒன்றும் ஆகவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஒருவர் எடுத்த படத்தை அவரைக் கேட்காமல் வரைந்து, காட்சிக்கு வைத்து, விற்றிருக்கிறீர்கள். பதிப்புரிமை மீறல் என்று அவர் வழக்குப் போட்டால் அவர் பக்கம் வலு இருக்கிறது. உங்களுக்கு முன்னால் அவர் என்னிடம் வந்திருந்தால் அந்த வழக்கை நான் எடுத்திருப்பேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் ஒரே அளவில் மெல்லிய தாளில் பிரிண்ட் எடுத்தேன். உங்கள் ஓவியத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, அவர் ஃபோட்டோவின் மேல் வைத்து, ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். வெயில் நல்ல வெயில். கோட்டுக்குக் கோடு உட்கார்ந்துவிட்டது. கட்டை விரல் மடங்கிய இடம், கத்திரியின் வாய் திறந்திருக்கும் அளவு, முழங்காலுக்குப் பக்கத்தில் உருண்டு கிடக்கும் நூல்கண்டு, அதிலிருந்து போகும் நூல் தரையில் போட்ட வளைவு, எல்லாம். புடவை பச்சையிலிருந்து அரக்கு ஆனது. நீலச் சுவர் மஞ்சள் ஆனது. சுவரில் தொங்கிய காலண்டர் போய்விட்டது. வேறு எதுவும் நகரவில்லை.

இன்னும் ஒன்று கவனித்தேன். உங்கள் ஓவியத்தில் முறத்தின் முன் விளிம்பு கொஞ்சம் வீங்கியிருக்கிறது. கிட்டே நின்று அகலமான லென்ஸில் எடுத்தால் முன்னால் இருக்கும் பொருள் அப்படிப் பெருத்துத் தெரியும். நீங்கள் அந்த அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து வரைந்திருந்தால் முறம் அப்படி வந்திருக்காது. அவருடைய லென்ஸின் கோணலையும் சேர்த்தே வரைந்திருக்கிறீர்கள். படத்தைத் திருப்பிப் போட்டதில் வேறு ஒரு தவறும் நடந்திருக்கிறது. ஃபோட்டோவில் வலக்கையில் இருந்த கத்திரி உங்கள் படத்தில் இடக்கைக்குப் போய்விட்டது. இடது தோளில் கிடந்த முந்தானை வலது தோளுக்கு மாறிவிட்டது. கண்காட்சிக்கு வந்தவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். பீடி சுற்றுகிற எந்த அம்மாவிடம் காட்டினாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

30 சதவீதக் கதை எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை, வேலூரில் வரைகிற எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். சிலர் 20 என்கிறார்கள், சிலர் 40 என்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் எந்தச் சதவீதமும் இல்லை. படைப்பை முழுதாகவோ அதன் முக்கியமான பகுதியையோ எந்த வடிவத்திலும் மறுபடி ஆக்கும் உரிமை அதன் சொந்தக்காரருக்குத்தான் என்கிறது 14-ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தில் ஃபோட்டோவும் ஓவியமும் ஒரே வரிசையில் 'கலைப்படைப்பு' என்று நிற்கின்றன. அதற்குக் கலைத்தரம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விகூடக் கிடையாது. எடுத்தவர்தான் ஆசிரியர். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பட்டனை அழுத்திய நிமிடத்திலிருந்து உரிமை அவருடையது. அவர் காலமான பிறகும் 60 ஆண்டு அவர் வாரிசுகளுக்கு நிற்கும்.

கருத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்பதும் சட்டம்தான். ஒரு நாடகத்தைத் தழுவிப் படம் எடுத்துவிட்டார்கள் என்று வந்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு 'இது அதன் நகல்' என்று ஐயமில்லாமல் தோன்றுகிறதா என்பதே அங்கே வைத்த சோதனை. ஒரு பாட்டி பீடி இலை நறுக்குவது கருத்து. கண்ணாடி ஓட்டு வெளிச்சம் கருத்து. நாளைக்கே நீங்கள் இன்னொரு வீட்டில், இன்னொரு பாட்டியை, அதே மாதிரி வெளிச்சத்தில் வரையலாம். பெங்களூர்க்காரர் ஒன்றும் கேட்க முடியாது. ஆனால் எந்த உயரத்தில் கேமராவைப் பிடிப்பது, எவ்வளவு கிட்டே போவது, வெளிச்சம் மணிக்கட்டிலிருந்து விரலுக்கு நகரும் வரை பொறுப்பது, கத்திரி எவ்வளவு திறந்தபோது அழுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு. அந்த முடிவுகளைத்தான் நீங்கள் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் இரண்டு மாதம் உழைத்தது உண்மை. அந்த உழைப்பு அவருடைய மூன்று நாளை அழித்துவிடாது.

இதை நான் சட்டப் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் அப்பா வேலூரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். ராத்திரியில் சாய்வு மேஜையில் நெகடிவ்வை வைத்து, அடியில் விளக்குப் போட்டு, ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் டச்சிங் செய்வார். கல்யாணப் பெண்ணின் முகத்தில் ஒரு அம்மைத் தழும்பை மறைக்க அரைமணி நேரம் ஆகும். ஸ்டூடியோ வேலை சோற்றுக்கு. அவருக்கு ஆசையெல்லாம் கோட்டைமேல். ஐப்பசி மழை கொட்டி முடிந்த ஒரு வருஷம், அகழி நிறைந்திருந்தபோது, பத்து நாளுக்கு மேல் விடியற்காலையில் சைக்கிளில் போனார். மதில் தண்ணீரில் தலைகீழாகத் தெரிய வேண்டும், காற்று அடிக்கக் கூடாது, பஜார் புகை வருவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். கடைசியில் கிடைத்த படத்தில் ஒரு கல்லின் மேல் கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. அதைப் பெரிதாக்கி ஸ்டூடியோ வாசல் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து நாங்கள் இருவரும் ஒரு சலூன் வாசலில் நின்றோம். உள்ளே ஒரு கடையின் காலண்டர் தொங்கியது. அதில் வேலூர்க் கோட்டை, கலரில், ஓவியமாக. அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "கொக்குகூட அங்கேயே நிக்குதும்மா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான், "நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். வந்து கேட்டிருந்தா பெரிய பிரிண்ட்டே போட்டுக் குடுத்திருப்பேன்" என்றார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தக் காலண்டரை வரைந்தவர் யார் என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் அப்பாவைத் தெரிந்திருக்காது. உங்கள் பெங்களூர்க்காரர் எழுதிய 'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்ற வரியைப் படித்தபோது என் அப்பா குரலில்தான் எனக்குக் கேட்டது.

கோட்டை எல்லோருக்கும் பொது. அதை யாரும் எப்போதும் வரையலாம். ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண்களை எதிரில் உட்கார்ந்து நாள் முழுக்க வரையலாம், விற்கலாம். கட்டடங்களையும் பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பங்களையும் வரைவது மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவே சொல்கிறது. அந்த யாளியை வேறொருவர் எடுத்த ஃபோட்டோவை வைத்து வரைந்தால் கதை வேறு. யாளிக்கு உரிமைக்காரர் இல்லை, அந்த ஃபோட்டோவுக்கு உண்டு.

அமெரிக்காவில் ஓவியர் ஆண்டி வார்ஹோல் செய்தாரே என்று உங்கள் நண்பர்கள் அடுத்துச் சொல்வார்கள். அந்தக் கதையும் கேளுங்கள். பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் என்ற பெண் 1981-இல் எடுத்த ஃபோட்டோவை வைத்து 1984-இல் வார்ஹோல் ஒரு படம் செய்தார். அதற்காக ஒரு பத்திரிகை கோல்ட்ஸ்மித்துக்கு 400 டாலர் கொடுத்து ஒரு முறைக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தது. வார்ஹோல் அதே ஃபோட்டோவிலிருந்து இன்னும் பல படங்கள் செய்து வைத்திருந்தார். 2016-இல் பிரின்ஸ் இறந்தபோது அதில் ஒன்றை வார்ஹோல் அறக்கட்டளை பத்திரிகை அட்டைக்கு 10,000 டாலருக்குக் கொடுத்தது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு காசு வரவில்லை, அவர் பெயரும் வரவில்லை. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டாது. ஆனால் பெரிய ஓவியர் என்பதால் சலுகை உண்டு என்று நினைக்க இனி இடமில்லை.

உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது லக்ஸம்பர்க்கில் நடந்தது. ஜிங்னா சாங் என்ற பெண் எடுத்து 2017-இல் பத்திரிகையில் வந்த ஒரு ஃபோட்டோ. ஓர் இளம் ஓவியர் அதை இடம் வலமாகத் திருப்பி எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, ஒரு கண்காட்சியில் 1,500 யூரோ பரிசும் வாங்கினார். 2022-இல் முதல் நீதிமன்றம் ஃபோட்டோக்காரர் வழக்கைத் தள்ளியது. 2024 மே மாதம் மேல்முறையீட்டில் அவர் ஜெயித்தார். திருப்பிப் போட்டது காப்பாற்றவில்லை.

போஸ்ட்டை அழிக்காதே என்று சொன்னதற்குக் காரணம் இன்னொரு வழக்கு. 2008-இல் ஒபாமாவின் முகத்தைச் சிவப்பும் நீலமுமாக வரைந்து உலகமெல்லாம் பரவிய அந்தச் சுவரொட்டி உங்களுக்கு நினைவிருக்கும். ஷெப்பர்ட் ஃபேரி வரைந்தது. அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்துக்காக 2006-இல் எடுக்கப்பட்ட ஃபோட்டோ அதற்கு மூலம். பதிப்புரிமை வழக்கு 2011-இல் சமாதானமாக முடிந்துவிட்டது. ஆனால் நடுவில் ஃபேரி, தான் பார்த்தது வேறு ஃபோட்டோ என்று சொல்லி, கம்ப்யூட்டரில் இருந்த கோப்புகளை அழித்து, பொய்யாகச் சில கோப்புகளைச் செய்து வைத்திருந்தார். அதற்காகத்தான் 2012-இல் குற்றவியல் நீதிமன்றத்தில் நின்றார். இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 25,000 டாலர் அபராதம். வரைந்த விஷயம் பேசித் தீர்ந்தது, மறைத்த விஷயம் தீரவில்லை. உங்கள் நண்பர்கள் சொல்லும் யோசனை உங்களை அந்த வழியில்தான் கொண்டுபோகும்.

நம் சட்டத்திலும் தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் இருக்கிறது. சிவில் வழக்கென்றால் அவர் பெங்களூரில் தன் ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். நீங்கள்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் குடியாத்தத்தில் ரயில் ஏற வேண்டியிருக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை. அவர் மெசேஜில் நோட்டீஸ் வாசனையே இல்லை. வருத்தம்தான் இருக்கிறது. வருத்தமாக இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது.

இன்று ராத்திரியே அவருக்குப் பதில் எழுதுங்கள். வக்கீல் பாஷை வேண்டாம். இந்த மாதிரி எழுதினால் போதும்:

'வணக்கம் சார். நீங்கள் சொன்னது சரி. உங்கள் ஃபோட்டோவைப் பார்த்துத்தான் வரைந்தேன். உங்களைக் கேட்காதது என் தவறு, மன்னிக்க வேண்டும். ஓவியம் 35,000 ரூபாய்க்கு விற்றது. வாங்கியவரிடம் உங்கள் பெயரைச் சொல்லிவிடுகிறேன். இனி இந்தப் படத்தைப் பிரிண்ட் போட மாட்டேன், போட்டிக்கு அனுப்ப மாட்டேன். விற்ற பணத்தில் உங்கள் பங்கு என்று நீங்கள் எது நியாயம் என்று நினைக்கிறீர்களோ சொல்லுங்கள். போஸ்ட்டில் உங்கள் பெயரைச் சேர்க்கட்டுமா, எடுத்துவிடட்டுமா என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.'

பணம் பேசும்போது எவ்வளவு என்று கேட்டால், என் அபிப்பிராயம்: கேன்வாஸ், வண்ணம், ஃபிரேம், போக்குவரத்து, கண்காட்சிக் கமிஷன் எல்லாம் கழித்து மிஞ்சியதில் பாதியைக் கொடுக்க மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அவர் குறைவாகக் கேட்கலாம், பெயர் போட்டால் போதும் என்றும் சொல்லலாம். பல பேர் அப்படித்தான் சொல்வார்கள். எது முடிவானாலும் எழுத்தில் இருக்கட்டும். அனுமதி எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மின்னஞ்சல் நல்லது. எந்தப் படம், எதற்கு அனுமதி, எத்தனை வருஷம், எந்த நாடுகளில், எவ்வளவு பணம் என்று வரி வரியாகப் போடுங்கள். வருஷம் போடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், இடம் போடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். பணம் கொடுத்துவிட்டால் பெயர் போட வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். உரிமையையே விற்றுவிட்டாலும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை 57-ஆம் பிரிவின்படி படைத்தவரிடமே நிற்கும்.

ஓவியத்தை வாங்கியவரிடமும் நீங்களே சொல்லுங்கள். வேறு யார் வாயிலிருந்தோ அவருக்குப் போக விடாதீர்கள். திருப்பித் தர விரும்பினால் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 35,000 சின்னத் தொகை இல்லை, ஆசிரியர் சம்பளத்தில் எவ்வளவு கடினம் என்று தெரியும். தவணையாகக்கூடப் பேசலாம்.

இவ்வளவு நேரம் நீங்களும் நானும் அந்தப் பெங்களூர்க்காரரும் இந்தப் படம் யாருடையது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். படத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவை யாரும் கேட்கவில்லை. ஃபோட்டோக்காரராவது மூன்று நாள் அந்தத் திண்ணைக்குப் போயிருக்கிறார், தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பார், பெயர் தெரிந்திருக்கும். நீங்கள் அவர் முகத்தை இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது. முகம் அடையாளம் தெரிகிற மாதிரி வரைந்து விற்கிறோம் என்றால் அந்த முகத்துக்கு உரியவரிடம் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது வீட்டுக்குள் எடுத்த படம், தெருவில் எடுத்ததும் இல்லை. தனிமை என்பது அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது ஓட்டு வீட்டில் பீடி சுற்றுகிறவருக்கும் சேர்த்துத்தான். ஃபோட்டோக்காரரிடம் பேசும்போது அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் பஸ் பிடித்துப் போய் ஓவியத்தின் பிரிண்ட்டைக் காட்டுங்கள். விற்ற பணத்தில் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். இதை எந்தப் பிரிவும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ரவி வர்மா விஷயம். அவர் ஃபோட்டோக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டது உண்மைதான். ஃபோட்டோ பார்த்து வரைவது தவறே இல்லை. யார் எடுத்த ஃபோட்டோ என்பதுதான் கேள்வி. அல்போன்ஸ் முக்கா என்ற ஐரோப்பிய ஓவியர் தன் ஸ்டூடியோவில் பெண்களை நிற்க வைத்துத் தானே படம் எடுத்து அதைப் பார்த்து வரைந்தார். அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் ஃபோட்டோகிராஃபர்களைச் சம்பளத்துக்கு வைத்து, ஆட்களை நிறுத்தி, புருவம் எவ்வளவு தூக்க வேண்டும் என்றுகூடத் தானே சொல்லி எடுக்க வைத்தார். உங்கள் கையில் இருக்கும் போனே போதும்.

வேலூர்ப் பக்கத்துக்காரருக்கு மற்றவர் ஃபோட்டோவைத் தேடிப் போக வேண்டிய அவசியம் என்ன என்றுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வைகாசியில் உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, மாசியில் பாலாற்றங்கரை மயானக் கொள்ளை. எங்கிருந்தெல்லாமோ கேமராவோடு வருகிறார்கள். நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். விரிஞ்சிபுரம் மதில் ஒரு பஸ் தூரம். பீடி சுற்றுகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், அவர்கள் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள்.

வழக்கமாக வரும் மற்ற சந்தேகங்களையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும். இறந்துபோன அப்பாவின் பழைய ஃபோட்டோவைக் கொண்டுவந்து பெரிதாக வரைந்து தரச் சொல்வார்கள். குடும்பம் காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை காசு கொடுத்தவருடையது. தைரியமாக வரையுங்கள். அதே விதி உங்களுக்கும் பொருந்தும்: காசு வாங்கிக்கொண்டு வரைந்து கொடுத்த உருவப்படத்தின் உரிமை, பேசி எழுதிக்கொள்ளவில்லை என்றால், காசு கொடுத்து வரையச் சொன்னவருக்குப் போய்விடும். இது நிறைய ஓவியர்களுக்குத் தெரிவதில்லை. செய்தித்தாளில் வந்த படம் என்றால், பத்திரிகை ஊழியரே எடுத்திருந்தாலும், பத்திரிகைக்கு உள்ள உரிமை வெளியிடுவதற்கு மட்டும்தான். ஓவியமாக்க எடுத்தவரையே கேட்க வேண்டும். கூகுளில் கிடைத்தது என்பதெல்லாம் அனுமதி ஆகாது. பொதுப் பயன்பாட்டுக்குப் படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் இணையதளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே நிபந்தனை எழுதியிருக்கும். பெயர் போடச் சொன்னால் போடுங்கள், அதே உரிமத்தில் பகிரச் சொன்னால் பகிருங்கள். வேறு இடங்களில் 'வணிகத்துக்குக் கூடாது', 'மாற்றக் கூடாது' என்றிருந்தால் அந்தப் படத்தைத் தொடாதீர்கள். 1950-க்கு முன் இங்கே வெளியான ஃபோட்டோக்களுக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டது.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எந்த ஃபோட்டோவையும் பார்த்து வரையலாம். வீட்டில் கை பழகவும் வரையலாம். சட்டம் இரண்டையும் விட்டுவைத்திருக்கிறது. அந்தப் பயிற்சிப் படத்துக்குப் பின்னால் யார் ஃபோட்டோ என்று பென்சிலில் குறித்து வைக்கிற பழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பிற்காலத்தில் கண்காட்சிக்குப் போகும்போது அந்தக் குறிப்பு கையைப் பிடிக்கும்.

அவர் என்ன பதில் போட்டார் என்று எழுதுங்கள். ஒப்பந்த வாசகம் தேவைப்பட்டால் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன், அதற்கு ஃபீஸ் வேண்டாம். பேர்ணாம்பட்டு போய்வந்ததும் அடுத்த படத்தை அந்த அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தே தொடங்குங்கள், அவர் சரி என்றால். கண்ணாடி ஓட்டு வெளிச்சம் எத்தனை மணிக்கு அவர் கைக்கு வருகிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வக்கீல் அக்கா